பின்னணி இசைக்காரர்

மனித இனத்தில் பின்னணி இசைக்காரர் என்று ஒரு வகை உண்டு. ஹாலிவுட்டை ஒட்டிய எங்கள் பர்பேங்க் பக்கம் இந்த வகை கொஞ்சம் அதிகமாகவே தென்படும். காலை பதினொரு மணிக்குக் காபிக் கடையில், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் விவாகரத்தைப் பற்றிச் சொல்லிக் கண்கலங்குவதைக் கேட்காமல், கூரையிலுள்ள ஒலிபெருக்கியில் கசியும் பாட்டைக் கேட்டு ஒருவர் முகம் சுளித்துக்கொண்டிருந்தால், சந்தேகமே வேண்டாம், அவர்தான். பக்கத்தில் போய்ப் பாராட்டிப் பாருங்கள்.

"உங்க படம் பாத்தேன் சார். மியூசிக் பிரமாதம்!"

"அடடா, கவனிச்சுட்டீங்களா? கவனிக்கவே கூடாதே! படத்தோட கரைஞ்சுல்ல போயிருக்கணும்?"

சரி, மாற்றிச் சொல்வோம்.

"மியூசிக் இருந்ததே தெரியலைங்க."

அவ்வளவுதான். அன்று அவர் மதியம் சாப்பிடமாட்டார்.

இவருடைய பரம விரோதி யார் தெரியுமா? இன்னொரு இசையமைப்பாளர் இல்லை. கார்க் கதவு. ஆறு வாரம் உழைத்து, கொம்பு வாத்தியத்துக்கென்று ஒரு மென்மையான வரி எழுதியிருப்பார். சரியாக அந்த இடத்தில் கதாநாயகன் காரை விட்டு இறங்கிக் கதவை அறைந்து சாத்துவான். அதற்கப்புறம் ஊரில் யார் கார்க் கதவைச் சாத்தினாலும் இவருக்குத் தோள் ஒருமுறை துள்ளும். படம் முடிந்து விளக்குப் போட்டு, சோளப்பொரியைப் பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்து நின்றபின்னும், மனைவியையும் மகளையும் எழுந்திருக்கவிடமாட்டார். பெயர்கள் ஓடும். சாப்பாடு போட்டவர், குதிரை பார்த்துக்கொண்டவர், குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர். அதற்கும் கீழே இவர்.

ரஸ்ஸல் ஹார்ட்விக் இந்த வகையில் அப்பழுக்கில்லாத மாதிரி. அவர் எழுதும் இசையைப் படத்தில் சரியான இடத்தில் பொருத்துவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நாலு வருஷம் படிச்சுட்டு, அடுத்தவன் அழுறதுக்கு அடியில வயலின் ஒட்டுறியா?" என்று கூரை வேலை செய்யும் என் அப்பா இன்னும் கேட்கிறார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரஸ்ஸல் பூனைத் தீனி விளம்பரத்தில் ஆரம்பித்தவர். அங்கிருந்து ஒரு ஷெரிஃப் தொடர், அதிலிருந்து போலீஸ் தொடர்கள், ஆஸ்பத்திரித் தொடர்கள், போலீஸ்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தொடர்கள். தொலைக்காட்சியில் கண்டெடுக்கப்பட்ட பிணங்களில் பாதிக்கு அடியில் முனகியது இவருடைய செல்லோதான். கடைசியில், தலை நரைத்தபின், ஒரு நிஜமான சினிமாப் படம் கிடைத்தது. கணவன் இறந்தபின் அவனுடைய பௌலிங் விளையாட்டுக் கூடத்தை மூடும் ஒரு பெண்ணின் கதை. படத்தின் தொடக்கத்திலேயே, திரை நடுவில், தனியாக இவர் பெயர் வரும். குதிரை வைத்தியருக்கு மேலே! இது போனால் திரும்பப் பிணங்கள்தான்.

எல்லாம் டெம்ப்பில் வந்து மாட்டியது.

டெம்ப் என்பது எங்கள் ஊர் வழக்கம். படத்தை வெட்டி ஒட்டும்போது வெறுமையாக இருக்கக்கூடாதென்று, எங்கிருந்தாவது ஒரு பழைய இசையை எடுத்துத் தற்காலிகமாகப் போட்டுவைப்பார்கள். இயக்குநர் அதையே மாதக்கணக்கில் கேட்பார். கேட்டுக் கேட்டுக் காதலில் விழுந்துவிடுவார். பிறகு இசையமைப்பாளரைக் கூப்பிட்டு, "சுதந்திரமா பண்ணுங்க, இதே மாதிரி" என்பார்.

எங்கள் இயக்குநர் மாரா லிண்ட்க்விஸ்ட், அந்தப் பெண் கடைசி விளக்கை அணைக்கும் காட்சிக்கு யாரோ எழுதிய ஒரு பியானோத் துண்டைப் போட்டுவைத்திருந்தார். படத்தொகுப்பாளரின் பெட்டியில் அதற்குப் பெயர் 'சோகம், பழையது'. அவ்வளவுதான் தெரியும். ரஸ்ஸல் எழுதினார். மாரா கேட்டார்.

"அழகா இருக்கு ரஸ்ஸல். ஆனா டெம்ப்ல ஒரு வலி இருக்கு பாருங்க..."

ரஸ்ஸல் வலியைச் சேர்த்தார்.

"வலி வந்துடுச்சு. ஆனா அந்தக் கூச்சம் இல்லையே?"

கூச்சத்தையும் சேர்த்தார். இப்போது வலி குறைந்துவிட்டதாம். மாரா போனபின் ரஸ்ஸல் டெம்ப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அறைக்குள் நடந்தபடி கத்துவார்.

"யாருய்யா இவன்? மூணு சுரத்தைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு பியானோவைத் தடவிட்டு இருக்கான்! இடது கையில என்ன பண்றதுன்னே தெரியல பாரு. கத்துக்குட்டி! இவன் மாதிரி நான் எழுதணுமாம்!"

நானும் தலையாட்டினேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு எதை ஆட்டுவது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய ஏஜெண்ட் பெர்னிஸ் கூப்பிட்டாள்.

"ரஸ்ஸல் கண்ணு, உக்காந்திருக்கியா? படத்துல இருந்து உன்னை எடுத்துட்டாங்க. அந்த டைரக்டர் பொண்ணுக்கு உன் மேல ரொம்ப மரியாதையாம்."

மரியாதை என்று சொன்னால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். ரஸ்ஸல் பியானோ மூடியை மெதுவாகச் சாத்தினார். ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்தேன். மதியம் டாகோ வாங்கி வந்து, இரண்டு பேரும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி பெர்னிஸ். இந்த முறை அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கண்ணு, இதைக் கேளு. அந்த டெம்ப்பை எழுதின ஆளையே கூட்டிட்டு வாங்கன்னு அந்தப் பொண்ணு ஒத்தக்கால்ல நிக்குதாம். தேடிப் பிடிச்சிருக்காங்க. ஏதோ ஷெரிஃப் தொடராம், ரெண்டாவது வருஷமாம். அந்தக் கம்பெனில, எழுதினவரோட ஏஜெண்ட்டுன்னு என் நம்பரைக் குடுத்திருக்காங்க. ஆபீஸ்ல ஒரு புதுப் பையன் போன் பண்ணி, 'அந்த இசையமைப்பாளர் ஃப்ரீயா இருக்காரா'ன்னு கேக்கறான்."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கார், இன்னிக்குக் காலைலதான் ஃப்ரீ ஆனார்னேன். ஆனா போன ஆளை விட ரேட் அதிகம்னேன். உடனே சரின்னுட்டான்!"

ரஸ்ஸல் டெம்ப்பைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்த இடது கையைக் கவனிச்சியா? என்ன ஒரு அடக்கம்! மூணே சுரம்ப்பா. நாலாவது கேக்குதா? தேவைப்படலை பாரு!"

காலையில் கத்துக்குட்டியாக இருந்தவர் மாலைக்குள் மேதையாகிவிட்டார்.

வியாழக்கிழமை மாரா வந்தார். வாசலில் ரஸ்ஸலைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். இது எங்கள் ஊர் என்பதை மறந்துவிட்டேன். மாரா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"உங்களோட வேலை செய்யணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா? முன்னாடி இருந்தவரால முடியலைங்க."

"கேள்விப்பட்டேன்" என்றார் ரஸ்ஸல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "பாவம்."

டெம்ப்பையே அப்படியே போட்டுவிடலாம் என்றால், அது அந்தத் தொடர்க் கம்பெனியின் சொத்து. எழுதியவரே தொட்டாலும் வழக்குப் போடுவார்கள். எனவே ரஸ்ஸல் புதிதாக ஒன்றைக் கொடுத்தார். புதிது என்றா சொன்னேன்? மாரா வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டாவது துண்டுதான் அது. ஒரு சுரம்கூட மாற்றவில்லை. கோப்பின் பெயரை மட்டும் என்னை மாற்றச் சொன்னார்.

திரையில் அந்தப் பெண் விளக்கை அணைத்தாள். இருட்டில் மாரா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதான்! இதைத்தான் அந்த மனுஷன்கிட்ட கரடியாக் கத்தினேன். புரிஞ்சுக்கவே இல்ல."

"அவருக்கு அனுபவம் அதிகம்" என்றார் ரஸ்ஸல். "அதான் பிரச்சினை."

படம் வெளிவந்தது. திரை நடுவில், தனியாக, பெயர் வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த நான் அவர் முழங்கையை இடித்தேன். "பாத்தீங்களா? வந்துடுச்சு!"

அவர் தாழ்ந்த குரலில், யாருக்கோ சிபாரிசு செய்ததுபோல் சொன்னார்: "போகட்டும். டெம்ப் எழுதின அந்தப் பையனுக்கு ஒரு சான்ஸ் கிடைச்சுதே."

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'இசை தெரியாத எனக்கு இந்த வியாதி வராது' என்ற தைரியம். இருக்கட்டும். உங்களுக்கு இப்போதைய வேலை கிடைத்த நாளில், நேர்காணல் அறையில் ஒருவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்கள் பளபளக்க, எதையும் கற்றுக்கொள்வேன், யாரோடும் ஒத்துப்போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அவரை நம்பித்தான் உங்களை எடுத்தார்கள். அவரை நீங்கள் கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தது எப்போது? உங்கள் மேலாளர் இன்னும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். வீட்டிலும் ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள். நல்ல மனநிலையில் இருக்கும்போது கேளுங்கள்.