மூணடுக்கு சொன்ன சாட்சி

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொரு தோல் பைத்தியம் அகப்படாது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அவர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது. ஊருக்கு அவர் 'மூணடுக்கு'.

ஊசி போடப் போனால் முதலில் பாடம் நடக்கும்.

"மேல்தோல், உள்தோல், அதுக்கடியில கொழுப்பு. மூணடுக்குய்யா! சும்மா போர்வைன்னு நெனச்சியா? கிருமிய வாசல்லயே மறிக்குது, வேர்வைய விட்டு ஒடம்ப ஆத்துது, சூடு, குளிரு எல்லாத்தயும் சொல்லுது."

"சரிங்க சார், வேட்டிய எறக்கி அரைமணி ஆச்சு. குளிருது."

"பாத்தியா, சொல்லுதுல்ல!"

ஒரு சித்திரையில் மிராசுதாருக்கு வேர்க்குரு. வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். "அவரு வேர்வையும் நம்ம வேர்வையும் ஒரே மாதிரி சுரப்பியிலதான் ஊறுது. வரிசையில வரச் சொல்லு" என்று திருப்பியனுப்பிவிட்டார் மூணடுக்கு. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அப்போது கழக ஆட்சி. உழுகிற குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்தது. மிராசுதாரின் ஐந்து மா நிலத்தை அப்பன் காலத்திலிருந்து உழுதவர் கோவிந்தன். பெயர் ஏறாவிட்டால் அடுத்த நடவுக்குள் அவர் வெளியே. தாசில்தார் விசாரணையில், "நானேதான் எறங்கி உழுவுறேன்" என்று மிராசுதார் கூசாமல் சொன்னார். எதிர்த்துச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து நின்றவர் மூணடுக்கு மட்டும்தான். நான் அங்கே கிளார்க்.

"ஐயா, ரெண்டு பேரு கையையும் மேசை மேல வைக்கச் சொல்லுங்க."

வைத்தார்கள். மிராசுதாருடையது வெண்ணெய். கோவிந்தனுடையது கருங்காய்ப்பு.

"உரசுற எடத்துல மேல்தோல் தன்னால தடிக்கும். வருசக்கணக்கா மேழி புடிச்ச கை எதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

ஆபீசே அவரவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது. எனக்குப் பேனா பிடித்த விரலில் மட்டும் ஒரு மிளகளவு காய்ப்பு. வெட்கமாகத்தான் இருந்தது.

மிராசுதார் எகிறினார். "ஒன்னயத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கலன்னா பாரு!"

"தூக்குங்க. அங்கயும் ஜனங்களுக்குத் தோலு இருக்கும்."

தாசில்தார் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். கோவிந்தன் பெயரை நான்தான் எழுதினேன், கொட்டை எழுத்தில்.

பத்தே நாளில் மூணடுக்குக்கு மாற்றல் உத்தரவு வந்தது. புதுக் கம்பவுண்டர் நல்ல மனிதர். பேசாமல் ஊசியைப் போட்டுவிடுவார் என்றார்கள். என்ன காய்ச்சல் வந்தாலும் நான் அவரிடம் போகவே இல்லை.