குனியாதவர் ஏறிய வண்டி

நிமிர்நாடு என்றொரு நாட்டில் குனிவது குடிமக்களின் கடமை, நிமிர்ந்திருப்பது மன்னரின் கடமை. இரு தரப்பும் தத்தம் கடமையைத் தவறாமல் செய்துவந்ததால் அங்கே நல்லாட்சி நடப்பதாகப் பாடப்புத்தகத்தில் எழுதியிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. வாக்குப் பெட்டியை முழங்கால் உயரத்தில் வைத்திருப்பார்கள். பெட்டிக்கு எதிரே மன்னர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாக்குப் போடக் குனிகிற ஒவ்வொருவரும் தம்மை வணங்குவதாக அவர் எடுத்துக்கொள்வார். முடிவை அன்று காலையிலேயே அறிவித்துவிடுவார்கள்.

மன்னர் பிறந்ததிலிருந்து யார் முன்னாலும் குனிந்ததில்லை. செருப்பு மாட்டிவிட ஓர் ஆள், கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்க ஓர் ஆள். நாளாக ஆக அவருடைய முதுகு பின்பக்கமாகச் சற்றுச் சாய்ந்தே இறுகிவிட்டது. அதனால்தான் அவருக்கு ‘என்றும் நிமிர்ந்தார்’ என்று பட்டம்.

இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பதினைந்து வயது. செய்தது நான்தான் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஒரே ஒருத்திக்குத் தவிர.

என் அக்கா அஞ்சலை, அரசு மருத்துவமனை மாத்திரைகளை நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா தன் வண்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்படி ஒரு வண்டி நிமிர்நாட்டில் வேறு யாரிடமும் இல்லை. பக்கத்துக்கொன்றாக இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மின்சாரம் ஏற்றினால் போதும், தானாகவே சாயாமல் நிற்கும். உடம்பை லேசாக முன்னால் சாய்த்தால் முன்னால் போகும். நிமிர்ந்தால் நிற்கும். பின்னால் சாய்ந்தால் பின்னால் போகும்.

குனிந்தே பழகிய எங்கள் அக்காவுக்கு அது முதல் நாளே வசப்பட்டுவிட்டது. தோளில் மாத்திரைப் பையோடு தெருத்தெருவாகப் போவாள். படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் போய்வருவாள். ஒரு நாளில் பத்து வீடு பார்த்தவள் அறுபது வீடு பார்த்தாள். “அஞ்சலை வர்றா பாரு, மிதந்துக்கிட்டு!” என்று தெருவே வாசலுக்கு வரும்.

நான் பள்ளிக்கு இரண்டு மைல் நடந்து போவேன். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது கையசைப்பாள். எனக்கு வயிறு எரியும்.

“ஒரே ஒரு தடவ ஏறிக்கிறேன்க்கா.”

“விழுந்து பல்லு போச்சுன்னா யாரு கட்டிக்குவா ஒன்ன? தள்ளுடி, நேரமாச்சு. தங்கவேலு தாத்தாவுக்கு எட்டு மணி மாத்திர.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. அன்று மாலை அரண்மனை வாசல் புகார்ப் பெட்டியில் பெயர் போடாமல் ஒரு காகிதத்தைப் போட்டேன். ஒரே வரி: ‘மருந்துக்காரி அஞ்சலை வண்டியில் நின்றால் மன்னரைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிகிறாள்.’

வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மன்னரே அந்தக் காகிதத்தோடு எங்கள் தெருவுக்கு வந்து, அதை எல்லார் முன்னாலும் படிக்கவைத்தார். அக்கா போவதைப் பார்த்தார். ஜனங்கள் அவளைப் பார்ப்பதையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே புரிந்தது. என் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான்.

“இறங்கு” என்றார்.

இரண்டு பேர் தூக்கி அவரைப் பலகையில் நிறுத்தினார்கள். சாய்ந்து இறுகிய முதுகல்லவா, வண்டி விர்ரென்று பின்னால் ஓடி ஒரு வைக்கோல் போரில் மோதி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு ஏழாண்டு சிறை.

“ஏன் பின்னாடி போகுது?” என்றார் மன்னர்.

“கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா...” என்று அக்கா வாயெடுத்தாள்.

போக்குவரத்து அமைச்சர் ஏகாம்பரம் அவளைக் கையமர்த்தினார். முப்பது ஆண்டு வளைந்து வளைந்து கொக்கி மாதிரி ஆன முதுகு அவருக்கு. “யாரு சொன்னா பின்னாடின்னு? மன்னர் போற தெசதான் முன்னாடி. நாமதான் இத்தன காலமா தப்பாப் போய்க்கிட்டு இருந்திருக்கோம் மன்னா.”

அன்றே முதல் ஆணை வந்தது. பின்பக்கம் இனி முன்பக்கம் என்று அழைக்கப்படும். பெயர்ப்பலகைகளைத் திருப்பி மாட்டினார்கள்.

மன்னர் தினமும் பின்னோக்கி உலா போனார். பின்தொடர்ந்து போகும் ஜனங்களின் முகம் அவருக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் ஒரு பள்ளமோ மாடோ வரும்போதெல்லாம் அந்த முகங்கள் பதறும்.

“என்னயப் பாத்து ஏன் மூஞ்சியச் சுளிக்கிறாங்க?”

“பொறாம மன்னா” என்றார் அமைச்சர்.

இரண்டாம் ஆணை வந்தது. குடிமக்களும் மன்னரைப் போலவே பின்னோக்கி நடக்க வேண்டும். கிணற்றில் விழுந்தவர்களுக்கு ‘முன்னேறியோர்’ என்று பட்டயம் கொடுத்தார்கள். விழுகிறவர்கள் கூடிப்போனதும் மூன்றாம் ஆணை: கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது குற்றம்.

வண்டியில்லாத அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கித் தடவித் தடவி நடந்தாள். ஒரு நாளைக்கு ஏழு வீடுதான். தங்கவேலு தாத்தாவின் எட்டு மணி மாத்திரை மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தது. அப்போது வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து பையை இறக்கிவைத்துவிட்டு, “அந்தக் காகிதத்தப் போட்டவ கையில இந்தப் பையக் குடுக்கணும்டி” என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மன்னருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் சாய்ந்த உடம்பு சற்று முன்னால் வர வேண்டும். அது குனிவதுபோலத் தெரியும். ஆகவே அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைப் பிடித்துக்கொண்டு போகவும், நிறுத்தச் சொன்னால் தாங்கி நிறுத்தவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. வண்டியின் குணம் தெரிந்தவள் என்று அக்காவைப் போட்டார்கள். அவளும் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும்.

அப்போதுதான் ஆற்றுப் பாலத்தின் திறப்பு விழா வந்தது.

“ஐயா, பாலம் முடிஞ்சிருச்சுங்களா?” என்று அக்கா அமைச்சரிடம் கேட்டாள்.

“முடிஞ்சிருச்சா இல்லயான்னு பாக்கணும்னா திரும்பணும். திரும்புறது குத்தம். யாருமே திரும்பல. அப்ப முடிஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்?”

“கட்டுனவங்க என்ன சொல்றாங்க?”

“அவங்களும் சட்டத்த மதிக்கிறவங்கதான்.”

விழாவன்று நாடே திரண்டது. முதலில் மெத்தையோடு அக்கா. அவளுக்கு இந்தப் பக்கம் வண்டியில் மன்னர். அவருக்கு இந்தப் பக்கம், அவருக்கு முதுகைக் காட்டியபடி, பின்னோக்கி நடக்கும் நாங்கள். மேளம் அடித்தார்கள். காலுக்கடியில் மண் போய்க் கருங்கல் வந்தது. பாலத்தில் ஏறிவிட்டோம். ஆற்றுச் சத்தம் கேட்டது. இவ்வளவு தூரம் வந்தும் அக்கரையில் அடிக்கிற மேளச் சத்தம் மட்டும் இன்னும் வெகு தூரத்தில் கேட்டது.

கழுத்தைத் திருப்பினேன்.

பாதி ஆற்றில் பாலம் நின்றுபோயிருந்தது. கடைசியில் ஒரு கல் வரிசை, முழங்கால்கூட உயரமில்லை. அதற்கும் அக்காவின் குதிகாலுக்கும் நாலு எட்டு.

“அக்கா! பின்னாடி பாலம் இல்லக்கா!”

அக்கா மெத்தையை வீசிவிட்டுப் பாலத்தின் பக்கச் சுவரில் பாய்ந்து தொற்றிக்கொண்டாள். என் குரல் கேட்டு மொத்த ஜனமும் திரும்பியது. அத்தனை முகங்களையும் மன்னர் ஒரே நேரத்தில் பார்த்தார்.

“குனிங்க மன்னா!” என்று கத்தினாள் அக்கா. “லேசாக் குனிங்க, போதும். வண்டி இங்கிட்டு வந்துரும்!”

அவருக்கு நேரம் இருந்தது. நான் பார்த்தேன். கழுத்து ஒரு விரற்கடை அசைந்தது. அப்புறம் எங்களையெல்லாம் பார்த்தார். இத்தனை பேர் பார்க்கும்போது எப்படிக் குனிவது என்று நினைத்திருப்பார். முதுகு பழைய இடத்துக்கே போனது.

சக்கரம் கல்லில் இடித்து நின்றது. மன்னர் நிற்கவில்லை. அவர் நிமிர்ந்தபடியேதான் போனார். அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

பாலத்தின் விளிம்பில் வண்டி இரண்டு தரம் ஆடிவிட்டு, தானாகவே சாயாமல் நின்றது. பலகை காலியாக இருந்தது.

ஆற்றை எட்டிப் பார்க்க யாரும் போகவில்லை. எல்லாரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அமைச்சர் ஏகாம்பரத்தின் கொக்கி முதுகு மெல்ல மெல்ல நேரானது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். இந்த முறை எல்லாரையும்போல முன்னோக்கி.

“மருந்து குடுக்கணும், வண்டியக் குடுங்கய்யா” என்று சுவரிலிருந்து இறங்காமலேயே கேட்டாள் அக்கா. அவர் காதில் விழவில்லை.

எனக்குப் பயம் வந்தது அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அவர் பலகையில் கால் வைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. குனிந்து பார்த்தேன். கூட்டத்திலிருந்து என் காலும் ஓரடி வெளியே வந்திருந்தது.

நிமிர்ந்தபோது அக்கா வண்டியைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகிறது. இன்னும் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மாத்திரைப் பையை மட்டும் என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.