வாய்க்கால் தாண்டாத சிப்பாய்

பிள்ளைகளே, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடுகிற பட்டாளத்தைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதில் என்னையும் சேர்த்து மொத்தமே மூன்று பேர். அதிலும் ஒருத்தி என் மனைவி.

என் மகள் கயல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். தீபாவளி லீவுக்கு வந்தபோது அட்டைப்பெட்டியில் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேச வேண்டும். கதையை அவள் நடத்துவாள். நாம் செய்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வெளியே விடாத மழை, வயலில் வேலை இல்லை. உட்கார்ந்தேன்.

"நீங்கதான்ப்பா ஹவில்தார். அம்மா வயர்லெஸ்ல சேதி சொல்றவங்க."

ஹவில்தார் என்றதும் முதுகு தானாக நிமிர்ந்தது. காரணம் உண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தஞ்சாவூருக்குப் போய், மார்பளவு அரை அங்குலம் குறைந்ததால் திரும்பி வந்தவன் நான். (வெறும் அரை அங்குலம்! நஷ்டம் நாட்டுக்குத்தான்.) இந்தக் கதையைக் கேட்காதவர் எங்கள் ஊரில் இல்லை. கேட்டவர்களையும் நான் விட்டதில்லை. பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடம் முதலில் சொன்னதும் இதைத்தான்.

விளையாட்டு தொடங்கியது. பின்னால் எதிரி வருகிறான். முன்னால் ஒரு வாய்க்கால். தாண்டினால் பிழைத்தோம். என் மனைவி வசந்தா தாண்டிவிட்டாள். என் பக்கத்தில் நின்ற சிப்பாய் செல்வம் மட்டும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்காகப் பேசியது கயல்.

"முடியல சார். கால் வரமாட்டேங்குது."

உடனே தன் குரலுக்கு மாறி விதியைச் சொன்னாள். "மூணு தடவ பேசலாம்ப்பா. பேசிட்டுப் பகடை உருட்டுங்க. நாலோ அதுக்கு மேலயோ விழுந்தா வருவான். இல்லன்னா தாண்டுன அம்மாவும் சேந்து எல்லாரும் மாட்டிக்குவீங்க."

இதெல்லாம் ஒரு வேலையா? "ஏய், எந்திரிடா! பட்டாளத்துக்கு வந்துட்டு பயமாடா உனக்கு?" என்று ஒரு சத்தம் போட்டேன். கொட்டகையில் படுத்திருந்த எங்கள் பசு எழுந்து நின்றது. செல்வம் எழவில்லை. பகடையில் இரண்டு.

"இப்ப குப்புறப் படுத்துட்டான்" என்றாள் கயல்.

சரி, அனுபவத்தைக் காட்டுவோம் என்று நினைத்தேன். உழவில் மாடு படுத்துக்கொண்டால் எழுப்ப எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு.

"வாலை முறுக்குறேன்."

"யாரு வாலை?"

"அவனுக்கு வால் இல்லன்னா காது."

கயல் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "மாட்டுக்கே அப்படிச் செய்யக் கூடாதுப்பா. வால் எலும்பு உடஞ்சிரும். மூணு வருஷமா இதத்தான் படிச்சிட்டிருக்கேன்."

பகடையில் ஒன்று. செல்வத்துக்கு எதிரியைவிட இப்போது என்னிடம்தான் பயம் அதிகம் என்று தீர்ப்பானது.

வசந்தா வெங்காயம் உரித்துக்கொண்டே வயர்லெஸ்ஸில் பேசினாள். "ஹலோ, ஹலோ! எதிரி பக்கத்துல வந்தாச்சு. எங்க ஹவில்தார் காதைத் திருகிட்டு இருக்காருங்க."

மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு. கயல் செல்வத்தின் குரலில், "உங்களுக்கு என்ன சார், பயமே தெரியாதவரு. என் நெலம உங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றாள். குரல் நடுங்கியது. பாவி, நன்றாக நடித்துத் தொலைத்தாள்.

"புரியும்டா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தஞ்சாவூர்ல ஒம்பது அடிப் பள்ளத்தத் தாண்டச் சொன்னாங்க. நம்மூரு வாய்க்கால் அத விட அகலம். தெனம் தாண்டுனவன்தான் நான். ஓடிப் போயி விளிம்புல நின்னுட்டேன். கால் வரல. பின்னால வந்தவங்கல்லாம் என்னைச் சுத்திக்கிட்டுத் தாண்டுறாங்க. கடைசியில ஒரு பட்டாளத்துக்காரரு கையப் பிடிச்சு ஓரமா உக்கார வச்சாரு. திட்டக்கூட இல்ல. பயம் வரும்டா செல்வம். என் கையப் பிடி. ஒரே ஒரு கால எடுத்து வை."

உண்மைக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நம்பிப் பகடையை உருட்டினேன்.

மூன்று.

"சாரிப்பா. சூப்பரா பேசினீங்க. ஆனா மூணுதான் விழுந்திருக்கு" என்றாள் கயல். பட்டாளம் மொத்தமும் பிடிபட்டது.

அந்த எதிரிகளே தேவலை. வசந்தா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த அரை அங்குலம்?"

"அது வந்து..."

"மார்பை அளந்தாங்களா, இல்லியா?"

"அது வரைக்கும் போகலம்மா."

"எங்கப்பா சாகுற வரைக்கும், 'எம் மருமவன் அரை அங்குலத்துல கர்னலாகாமப் போயிட்டாரு'ன்னு சொல்லிட்டிருந்தாருங்க!"

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வெங்காயக் கண்ணீரா, வேறு கண்ணீரா என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிரித்தாள். பொழுது சாய்வதற்குள் செய்தி அவளுடைய அண்ணன், அக்கா என்று எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. (நிஜமாகவே நல்ல வயர்லெஸ்.)

அன்று முதல் நான் எதற்குத் தயங்கினாலும் ஒரே கேள்விதான். ஏணியில் பாதியில் நின்றால், "என்னப்பா, அரை அங்குலம் கொறயுதா?" சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தால், அரை அங்குலம். போன வாரம் குடவாசலில் பல் பிடுங்கப் போனோம். கூப்பிட்ட பிறகும் நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வந்துருவாரு டாக்டர், அரை அங்குலம்தான் கொறயுது" என்று வசந்தா அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். பிறகு என் பக்கம் குனிந்து கையை நீட்டினாள். "ஒரே ஒரு கால எடுத்து வைங்க."

பகடை எதுவும் உருட்டவில்லை. எழுந்து போனேன். செல்வம்தான் பாவம், இன்னும் அந்தக் கரையிலேயே குப்புறப் படுத்திருக்கிறான்.