நிறுத்த வழி வைக்காத மோட்டார் சைக்கிள்

எதையாவது சொந்தக் கையால் செய்கிறவன் அது ஓடுமா என்றுதான் கவலைப்படுவான். நிற்குமா என்று கவலைப்படுகிறவன் அதைக் கடையில் வாங்கிவிடுவான். நான் முதலாவது வகை. அதிலும், எதையும் ஒழுங்காகச் செய்கிற முதலாவது வகை. அது இன்னும் ஆபத்தானது.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வரத் தடையிருந்த காலம். கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு அசையாது. அதனால் ஆளாளுக்கு ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு மண்ணெண்ணெயில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். அப்படிப் பிடித்த எஞ்சினை ஒருவரும் நிற்பாட்டமாட்டார்கள். சாவகச்சேரிச் சந்தைக்கு வருகிறவர் வண்டியை வெளியே இரையவிட்டுவிட்டு, உள்ளே ஓடிக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு ஓடிவருவார். (சந்தையில் பேரம் பேசாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.)

அந்த நாட்களில் அண்ணைக்குக் கரவெட்டியில் கலியாணம் பொருந்தியது. எங்கள் வீடு சாவகச்சேரி. மாப்பிள்ளை சைக்கிளில் போவதாகத்தான் ஏற்பாடு. ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். ஆனால் பெண்ணின் தகப்பன், பேச்சோடு பேச்சாக, தங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, கடைசியாக வந்த மாப்பிள்ளை காரில் வந்தவர் என்று சொல்லிவிட்டுப் போனார். காருக்கு அப்பாவிடம் வசதியில்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் எழுந்து, அண்ணையை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவது என் பொறுப்பு என்றேன்.

"எங்களிட்டை மோட்டச்சைக்கிள் இல்லையே," என்றார் அப்பா.

"செய்வம்," என்றேன்.

(அதுவரை நான் கழற்றிப் பூட்டியிருந்தது ஒரு மேசை மணிக்கூடு. அதிலும் ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது.)

வண்டியின் சட்டம் ஒருவருடைய கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கூட்டுக்கு வேறு முட்டு வைத்துக்கொடுத்துவிட்டு எடுத்துவந்தேன். எஞ்சின் பழைய இரும்புக்குள் கிடைத்தது. முன்சில்லு பெரிது, பின்சில்லு சிறிது. சமநிலத்திலும் வண்டி மலையேறுவதுபோலவே நிற்கும். எண்ணெய்த் தாங்கி, மூடியை ஈயத்தால் ஒட்டிய பிஸ்கற் பேணி. கிளச் கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி. கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையும் காவியும் இலவசமாகக் கிடைத்ததால் வண்டிக்கும் அதே பட்டைகள். ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து, தேங்காய்ச் சிரட்டைகளில் வகைவகையாகப் போட்டு, சிரட்டைக்குச் சிரட்டை பெயர் எழுதி ஒட்டினேன். 'கிளச்' என்று எழுதியதை அம்மா அடுப்பில் வைத்துவிட்டார். சாம்பலுக்குள்தான் பொறுக்கினேன்.

இரண்டு விஷயங்களை மட்டும் நன்றாக யோசித்து முடிவெடுத்தேன். அவை இரண்டும்தான் பிழையாகப் போயின.

எஞ்சினை நிற்பாட்டும் சுவிச்சை நான் வாங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்த எஞ்சினை எந்த மடையன் நிற்பாட்டுவான்? வீடு வந்து சேர்ந்ததும் குனிந்து காபரேற்றரின் வாயை உள்ளங்கையால் பொத்தினால் மூச்சுத் திணறி அதுவே நிற்கும். செலவில்லை.

மற்றது, மண்ணெண்ணெய் ஒரு சோம்பேறி, மெதுவாகத்தான் பற்றும், ஆகவே அதைக் கொஞ்சம் வேளைக்கே எழுப்பிவிட வேண்டும் என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்து, எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினேன். அப்படித் தள்ளினால் அந்த வகை எஞ்சின் சில வேளைகளில் தலைகீழாகச் சுற்றத் தொடங்கும் என்பதும், சுற்றினால் சத்தமும் புகையும் மாறாது, வண்டி மட்டும் பின்பக்கமாகப் போகும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு கிழமை ஓட்டிப் பார்த்தேன். மரியாதையாக முன்னுக்கே ஓடியது.

கலியாணத்தன்று வீட்டார் எல்லோரும் வெள்ளெனச் சைக்கிள்களில் புறப்பட்டுவிட்டார்கள். பட்டு வேட்டியும் மாலையும் தலைப்பாகையுமாக அண்ணை என் பின்னால் ஏறினார். கொடிகாமம் தாண்டி வரணியில் ஒருவர் சைக்கிளால் இறங்கி நின்று எங்களைக் கும்பிட்டார். பட்டைகளையும் புகையையும் பார்த்து, ஏதோ சாமியைக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

கரவெட்டி ஒழுங்கைக்குள் திரும்பியதும் நாதஸ்வரம் தொடங்கியது. வாசலில் வாழை கட்டியிருந்தது. பெண்ணின் தகப்பன் கையில் மாலையோடு நின்றார். பக்கத்தில் எங்கள் அப்பா, அம்மா. சபைக்கு முன்னால் பவ்வியமாகப் போவோம் என்று வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் நின்றுவிட்டது.

அண்ணை இறங்கப் பார்த்தார். "இவ்வளவு கிட்ட வந்திட்டம். நடந்து போவமடா."

"பேசாமல் இருங்கோ அண்ணை. நடந்து போறதுக்கோ நான் இவ்வளவு பாடுபட்டனான்?"

போத்தலில் இருந்த கடைசிப் பெற்றோலை விட்டு உதைத்தேன். அது என் காலைத் திருப்பி உதைத்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டது. அவ்வளவு அழகான சத்தம் அது முன்பு தந்ததேயில்லை. சபையைப் பார்த்துப் புன்னகைத்து, கியரைப் போட்டு, கிளச்சை விட்டேன்.

பந்தல் எங்களை விட்டு விலகத் தொடங்கியது.

"எங்கையடா போறாய்?" என்றார் அண்ணை காதுக்குள்.

"முன்னுக்குத்தான் அண்ணை விட்டனான்."

முன்னுக்கு விட்டால் முன்னுக்குப் போகத்தானே வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். வாசல் இன்னும் வேகமாக விலகியது. கிளச்சை இழுத்தேன்; கம்பி அறுந்து கையோடு வந்தது. பிரேக் முன்னுக்கு ஓடும்போதே யோசித்துத்தான் பிடிக்கும். குனிந்து காபரேற்றரைப் பொத்தலாம் என்றால், அண்ணை என்னை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தார். நாதஸ்வரக்காரருக்கு நடுவில் நிறுத்த மனமில்லை. வாசித்தபடியே எங்களைத் துரத்தி வந்தார்கள். தவில்காரர் எங்கள் வேகத்துக்கு ஏற்பக் காலத்தைக் கூட்டினார்.

சபையிலிருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் பிறகு யோசித்திருக்கிறேன். வெள்ளைப் புகைக்குள், முழு அலங்காரத்தில் ஒரு மாப்பிள்ளை, பெண்வீட்டை நேருக்குநேர் பார்த்தபடி, ஒரு காரணமும் சொல்லாமல் விலகிப் போகிறார். பெண்ணின் தகப்பனுக்கு இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. சீதனப் பேச்சில் அம்மா, மாமரங்கள் நின்ற ஒரு மாங்காணி கேட்டிருந்தாராம். அவர் மறுத்துவிட்டாராம். (இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சிரட்டைகளோடு இருந்தவனிடம் யார் சொல்வது?) அந்தக் காணிக்காகத்தான் வாசல்வரை வந்து இந்த விளையாட்டு என்று முடிவெடுத்து, மாலையைக் கையில் பிடித்தபடி அவர் ஓடிவந்தார்.

"தம்பி, நில்லுங்கோ. அந்த மாங்காணியையும் தாறன். சின்னவளுக்கெண்டு வைச்சதுதான், பரவாயில்லை, உங்களுக்கே எழுதிறன். சபைக்கு முன்னாலை சொல்லுறன், நில்லுங்கோ."

நிற்க எங்களுக்கும் ஆசைதான்.

ஒழுங்கை முனையிலிருந்த வீட்டின் தென்னோலைக் கிடுகு வேலி எங்களை நிற்பாட்டியது. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஆட்டுக்கொட்டிலுக்குள் போய் விழுந்தோம். பிஸ்கற் பேணி கழன்று ஓட, எஞ்சின் அடங்கியது. ஆடு ஒன்று அண்ணையின் மாலையை மென்று பார்த்தது. பெண்ணின் தகப்பன் மூச்சுவாங்க வந்து நின்றார்.

"இப்ப சரிதானே தம்பி?"

தவிலிலும் எஞ்சின் சத்தத்திலும் அவர் ஓடிவரும்போது சொன்னது ஒன்றும் அண்ணைக்குக் கேட்கவில்லை. முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓம் மாமா, இப்ப ஒரு குறையுமில்லை," என்றார்.

பின்னால் வந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அம்மா அண்ணையின் தலைப்பாகையை நேராக்கி, வேட்டியில் ஒட்டியிருந்த ஆட்டுப் புழுக்கையைத் தட்டிவிட்டு, நேரம் போகிறது என்றார். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது.

சில நாட்களில் விஷயம் தெரியவந்த அண்ணை, உண்மையைச் சொல்லிக் காணியை வேண்டாமென்றார். மாமா வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சபையில் சொன்ன சொல்லை மாற்றமாட்டேன் என்று காணி உறுதிப்பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு, வண்டியைத் தன் கண்முன்னாலேயே கழற்றச் சொன்னார்.

சில வருடங்களுக்குப் பிறகு எனக்குப் பெண் பார்த்தார்கள். அதே கரவெட்டி, அதே வீடு. சின்னவள்தான், அண்ணியின் தங்கை. அன்று யன்னலுக்குள்ளால் என்னைப் பார்த்து விக்கல் எடுக்குமட்டும் சிரித்தவளாம்; வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாளாம். சீதனம் பற்றி அப்பா மெதுவாகத் தொடங்கினார். மாமா என்னைத்தான் பார்த்தார்.

"உங்கடை பங்கை நீங்களே மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் அண்ணையிட்டைக் குடுத்திட்டியளே தம்பி."

இப்போதும் ஒவ்வொரு வருடமும் அந்தக் காணியிலிருந்து அண்ணை ஒரு சாக்கு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அனுப்புகிறார். சாக்கு வந்து இறங்கியதும் என் மனைவி உள்ளேயிருந்து கூப்பிடுவாள்: "இஞ்சை வாங்கோ, உங்கடை மோட்டச்சைக்கிள் காய்ச்சிருக்கு." போவேன். கன்னங்களை வெட்டி அவள் எடுத்துக்கொண்டு, கொட்டையை எனக்குத் தருவாள்.