பூட்டிய கட்டுரையை ஹிதாயா முற்றுகையிட்ட காதை

வாழ்க, வெண்பாத்தி ஆறுடையாள்! வெயிலைத் தோற்கடித்த புறங்கையாள், புத்தளக் காயலாங் களப்போரத்து உப்பரசி ஹிதாயா வாழ்க! எனக் கட்டியங்கூறித் தொடங்குவோம்.

இரு போகமாய் அவளது உப்பு கசந்தது. வியாபாரிகள் நக்கிப் பார்த்து, முகஞ்சுளித்து, வெறும் லொறியோடு திரும்பினர். மூன்றாம் போகமும் கசந்தால் பாத்திகளைக் கைவிடுவதன்றி வேறு வழியில்லை. கசப்பின் காரணமோ, ஈராண்டின்முன் குடையும் குப்பிகளுமாய் வந்து அவள் பாத்திநீரை அள்ளிப்போன ஆய்வாளரின் கட்டுரைக்குள் இருந்தது. அக்கட்டுரையோ, கட்டணங்கேட்கும் இணையக் கோட்டைக்குள் சிறையிருந்தது.

அரச செலவில் விளைந்த ஆய்வெல்லாம் அனைவர்க்கும் திறந்திருக்குமென முழங்கும் தேசியக் கொள்கையை அச்செடுத்து, அதனை வாளென ஏந்தி, ஊர் நூலகத்துக் கணினிமுன் கதிரையிட்டு அமர்ந்தாள் வீராங்கனை. தேர்ப்பாகனாய் அருகமர்ந்தார் நூலகர் சாஹுல் ஹமீது.

"எங்கட தண்ணிய அள்ளித்தானே எழுதின? எனக்கே பூட்டா? இது தொறக்கிற வரைக்கும் உட மாட்டேன், நானா!"

நூலகரை அண்ணன்முறையில் 'நானா' என விளித்துரைத்த அச்சூளுரை கேட்டுச் சுவர்ப்பல்லியும் நடுங்கிற்று. முதனாட் போரில் பதிப்பகம் கடவுச்சொல் கேட்டுக் கதவடைத்தது. மறுநாள் பல்கலைக்கழக ஆய்வுக் களஞ்சியம், 'கட்டுரை வெளியிடத் தடைக்காலம் இன்னும் பதினொரு நாள்' என்னுங் கேடயத்தை உயர்த்தியது. மூன்றாம் நாள், கொள்கையை நடைமுறைப்படுத்துங் குழு இனித்தான் அமையுமென அலுவலகமொன்று மடலம்பு எய்தது. அஞ்சாநெஞ்சத்தாளோ பதினொரு நாளும் பாத்திக்குப் போகாது அக்கதிரையிலேயே பாசறை அமைத்தாள். பத்திரிகை வாசிக்க வந்தோர் நின்றே வாசித்தனர்.

தடைக்காலம் தீர்ந்த மறுநாட் காலை, முரசின்றிச் சங்கின்றிக் கதவு திறந்தது! சாஹுல் ஹமீது கண்ணாடியைத் துடைத்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி, அவையதிர வாசித்தார்:

"கசப்புத் தண்ணி வெளியேறும் மதகு மேட்டில் இருக்கிறது. அது முழுக்க வடியாமல் உப்பை வாருவதே கசப்புக்குக் காரணம். இத்தகவலைத் தந்தவர்..." அவர் நிமிர்ந்தார். "தங்கச்சி, ஒங்கட பேர்தான் போட்டிரிக்கி."

வெற்றித்திருமகளின் முகம் வெட்கத்தால் சிவந்தது.

"ஓம் நானா. தண்ணி அள்ள வந்தவருக்குத் தேத்தண்ணி குடுத்த நேரம் நான்தான் சொன்னேன்."

கோட்டை தகர்த்த கொற்றவை, தடைக்காலம் வென்ற தனிப்பெருந்தலைவி, கொள்கைவாளை நான்காய் மடித்துக் கைப்பைக்குள் உறையிட்டு, வெயில் வெண்குடை கவிக்க, காகங்கள் பல்லாண்டு பாடக் களப்போரம் மீண்டாள். இரண்டு வருடமாக 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விட்டிருந்த மதகை, அன்று பின்னேரம் அரை அடி தாழ்த்தினாள்.