லாக்அவுட் சாமி படிக்காமல் விட்ட கட்டம்

அன்றைக்கு மத்தியானம் நான் லாக்அவுட் செய்துவிட்டுத்தான் கிளம்பினேனா? ஒரு வருடம் ஆகப் போகிறது, இன்னும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் லாக்அவுட் சாமி. மனிதர்களை இவ்வளவு நேரந்தவறாமல், இவ்வளவு ஒழுங்காக அவமானப்படுத்தத் தெரிந்த இன்னொருவர் திருவனந்தபுரத்தில் பிறந்திருக்க முடியாது.

தம்பானூரில் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் எங்களுடையது. நோயாளிகளின் விவரமெல்லாம் கணினியில் இருப்பதால், யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள், எப்போது வெளியேறினார்கள் என்று ஒரு மென்பொருள் குறித்துக்கொண்டே இருக்கும். அதைக் கவனிப்பவர்தான் சாமி. கோட்டைக்குள் அக்ரகாரத்து மனிதர். அவருக்குப் பெயர் என்று ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

உள்ளே நுழைகிறவர்களை அவர் சட்டை செய்யவே மாட்டார். "வரச்சே எல்லாரும் ஒழுங்காத்தான் வருவா. போறச்சேதான் லட்சணம் தெரியும்" என்பார். தினமும் காலை பத்து மணிக்கு முந்தின நாள் பட்டியலை அச்செடுத்து, ஹாலின் நடுவில் நின்று உரக்கப் படிப்பார். ஆளுக்கு மூன்று கட்டம்: பெயர், வெளியேறிய நேரம், மூடியது யார். மானம் போவது மூன்றாவது கட்டத்தில்.

"ஷாஜி, அஞ்சு நாப்பது, தானே மூடினான். சமர்த்து. பிந்து, அஞ்சு அம்பது, யந்திரமே காத்துக் காத்து மூடிண்டுடுத்து. எந்தா பிந்து, அதுக்கு இருக்கிற பொறுப்பு ஒனக்கில்லையா? லதா, ஒண்ணு இருபது, நான் போய் மூடினேன். அம்மா மீன் வறுவல் திங்கப் போயிருந்தா."

"சாமீ, மீன்கூட அதுல பதிவாகுமோ?" என்று லதா சேச்சி கத்துவார்.

"பதிவாகாது. கீபோர்டுலே வாசனை உண்டு."

ஒருமுறை மின்சாரம் போய் நாற்பது கணினியும் ஒன்றாக அணைந்தன. மூன்றாவது கட்டம் எல்லாருக்கும் காலி. மனிதர் அன்று சாப்பிடவில்லை. மேஜை மேஜையாக வந்து, "கரண்ட் போகலேன்னா நீ மூடியிருப்பியா? சத்தியமாச் சொல்லு" என்று கேட்டுப் பென்சிலால் நிரப்பினார். போனில் பேசி முடித்த பிறகு மறுபடி கூப்பிட்டு, "கட் ஆயிடுத்தோ?" என்று விசாரிப்பவர் அவர்.

நான் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். அதனால் என் பெயருக்கு எதிரே எப்போதும் "தானே மூடினா" என்றுதான் வரும்.

அந்த ஒரு நாள் வரை. குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன். என் மகளுக்குக் காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. பையை எடுத்தது நினைவிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஓடியது நினைவிருக்கிறது. கிழக்கேகோட்டை நெரிசலில் ஆட்டோ நின்றபோதுதான் நினைவு வந்தது: மூடினேனா?

மறுநாள் வந்தால் அலுவலகமே கலங்கிக் கிடந்தது. எங்கள் கணினித் திரை ஒன்றில் இருந்த ஒரு நோயாளியின் அறிக்கையை யாரோ போனில் படம் பிடித்து, அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. மேனேஜர் எல்லாரையும் கூட்டினார்.

"நேத்து திறந்து போட்டுட்டு எழுந்து போனது யாரானாலும் இன்னிக்குக் கடைசி நாள், கேட்டோ. சாமி, படி."

என் வேலை நிரந்தரமாக இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

சாமி படித்தார். அன்று பார்த்து ஊரே சமர்த்து. எல்லாரும் தாங்களே மூடியிருந்தார்கள். என் பெயர் வந்தது. "ரெண்டு அம்பத்தொண்ணு" என்றார். நிறுத்தினார். தாளைத் திருப்பினார்.

"அடுத்தது மேனேஜர் சார். யந்திரம் தானா மூடப்படாதுன்னு சொல்லி வெச்சிருக்கேளே, அதனால உங்களோடது மத்தியானத்துலேர்ந்து தெறந்தே கிடந்தது. ஆறரைக்கு நான் போய் மூடினேன். கடைசி நாள்னா எல்லாருக்கும் எலை போட்டுச் சத்யை விருந்து உண்டோ சார்? பாயசம் எந்தப் பாயசம்?"

ஹால் அதிர்ந்தது. மேனேஜர் தண்ணீர் குடித்தார். இனிமேல் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். அந்தப் படம் வேறொரு கிளையில் எடுத்தது என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

நான் சாமியின் பின்னாலேயே ஓடினேன். "மாமா, என்னோட மூணாவது கட்டத்தைப் படிக்கலையே?"

"கண்ணாடி கொண்டு வரலை."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கொழந்தைக்கு ஜுரம் எறங்கித்தோ?" என்றார். ஜுரம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. போனில் சத்தமாகப் பேசியிருப்பேனோ?

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் இப்போது நான். பழைய பதிவுகள் ஒரு வருடம் இருக்கும், பிறகு தானாக அழியும். அந்த நாளின் முறை அடுத்த மாதக் கடைசியில் வருகிறது. திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. பார்த்தேன் என்பதும் என் பெயரில் பதிவாகும். "பார்த்துத் தொலையேன்" என்கிறார் கணவர். தினமும் மற்றவர்களின் மூன்றாவது கட்டத்தைப் படிக்கிறவள் தன்னுடையதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று பகலெல்லாம் தோன்றுகிறது. மவுஸில் கை வைத்ததும் வேண்டாம் என்று தோன்றுகிறது.

அவரிடமே கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒரு கட்டத்தைத் தாண்டிப் போன மனிதரை, அதற்காக என் முன்னால் நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. பதிவைத் திறப்பதா, அழியட்டும் என்று விட்டுவிடுவதா? என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.