முடிச்சுப் போடாத பலூன்

படித்தவனுக்குப் படிப்பு மேல் இருக்கும் திமிரைக்கூட மன்னித்துவிடலாம். தன் வீட்டுத் தொழில் மேல் இருக்கும் பெருமைதான் அவனைக் கவிழ்க்கும்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் வளிமண்டல ஆராய்ச்சி மாணவன் நான். உயரம் போகப் போகக் காற்றின் ஈரம் எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வு. அதற்காக என் பேராசிரியர், வெளிநாட்டிலிருந்து தருவித்த ஈரமானியோடு (உலகத்தில் அவர் அதிகம் நேசித்த பொருள், அவர் மனைவியே சொன்னது) எங்கள் காஞ்சிபுரத்துக்கு வந்தார். ஏரிக்கரையில் அதைப் பலூனில் கட்டி மேலே விட்டு, மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டும்.

"கயிறு பத்தாதேப்பா," என்றார்.

"எங்க வீட்ல பட்டு இருக்குது சார். பல இழை சேர்த்தா யானையவே கட்டலாம்." (எங்கள் தெருவில் எவரும் யானை கட்டியதில்லை.)

பட்டைக் கொண்டுவந்து, நைலான் கயிற்றின் முனையோடு சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கினேன். தறியில் பழைய பாவின் நீள இழைகளோடு புதுப் பாவின் இழைகளை நாங்கள் அப்படித்தான் இணைப்போம். முடிச்சுப் போட்டால், இழைகள் நுழைந்து வரும் அச்சுப் பற்களில் சிக்கும்.

"முடிச்சைக் காணோமே?"

"தறி தெரியாதவங்கதான் சார் முடிச்சு போடுவாங்க."

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்த மாதிரி அவர் பார்த்தது அதுதான் கடைசி.

பலூன் ஏறியது. நைலான் தீர்ந்தது, பட்டு ஓடியது. ஒரு காற்று அடித்தது. கை திடீரென்று லேசானது. குனிந்து பார்த்தேன், முறுக்கு பிரிந்து வெறும் பட்டு! தறியில் ஆயிரக்கணக்கான இழைகள் பங்கு போட்டுத் தாங்கும் இழுப்பை, இங்கே ஒற்றை முறுக்கு தாங்கவேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

பேராசிரியர் வாய் பிளந்து அண்ணாந்து நின்றார். "என்னப்பா... போயிக்கிட்டே இருக்கே?"

"ஆமா சார்," என்றேன்.

பலூன் போன திசையில் சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு பக்கத்து ஊரான கூரம் போய்ச் சேர்ந்தோம். வரப்பில் நின்ற விவசாயி, "பலூனு ஒடஞ்சி இன்னாமோ பொட்டி வுழுந்துது சார். சேத்துல ஊறிக்கினு இருக்குது," என்றார். ஈரத்தை அளக்க வந்த கருவி வயிறுமுட்ட ஈரத்தைக் குடித்திருந்தது. பேராசிரியர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார், சட்டையெல்லாம் சேறு. புது ஈரமானி வரும்வரை என் ஆய்வு அப்படியே நின்றுபோனது.

ஒருவழியாகப் பட்டம் வாங்கினேன், கல்யாணமும் வந்தது. தாலியைக் கையில் எடுத்தேன். கெட்டிமேளம். முன்வரிசையிலிருந்து பேராசிரியர் துள்ளி எழுந்து, மேளத்தை மீறிக் கத்தினார்: "முடிச்சு போடுப்பா! முறுக்கி விட்டுடாதே!"

பெண்வீட்டார் வெலவெலத்துப் போனார்கள். இன்றைக்கும் நான் துணி காயப்போடக் கொடி கட்டினால், என் மனைவி தாலிக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள்:

"இதையாவது முடிச்சு போட்டீங்களா?"